யாருக்கு எது, எப்போது தெரியும்?
உளவு நாவல்களும் திரைப்படங்களும்: வாசகர் கேள்வி – பதில்

நாவலிலிருந்து உருவான உளவுப் படங்களைப் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களில் ரசிகர்களும் உண்டு, படமெடுக்கத் துடிக்கும் உதவி இயக்குநர்களும் உண்டு. எந்தப் படத்தின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ படத்தை இரண்டு தடவை பார்த்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாவலைப் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஜான் லெ காரேயின் நாவல் 1974-இல் வந்தது. 1979-இல் பிபிசி அதை 7 பகுதித் தொடராக எடுத்தது. அதே கதையை 2011-இல் இயக்குநர் தாமஸ் ஆல்ஃபிரட்சன் 127 நிமிடத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு சுருக்கியதால், ஒரு தகவலைப் படம் ஒரே ஒரு தடவைதான் சொல்லும், அதையும் பெரும்பாலும் வசனமில்லாமல் சொல்லும். காதால் பின்தொடர்ந்தால் தவறவிடுவீர்கள். கண்ணால் பின்தொடர வேண்டிய படம் இது.

முதலில் நாயகனின், அதாவது பிரிட்டிஷ் உளவுத் துறை அதிகாரி ஸ்மைலியின், மூக்குக் கண்ணாடியைப் பாருங்கள். நிகழ்காலமும் கடந்த காலமும் அறிவிப்பே இல்லாமல் மாறி மாறி வரும். ‘சில மாதங்களுக்கு முன்பு’ என்று எழுத்துப் போட மாட்டார்கள். ஆனால் வேலையிலிருந்து வெளியேற்றப்பட்டதும் ஸ்மைலி புதுக் கண்ணாடி வாங்குகிறார். முகத்தில் பழைய ஃப்ரேம் இருந்தால் அது நடந்து முடிந்த காட்சி, புது ஃப்ரேம் இருந்தால் இப்போது நடப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது பெயர்கள். உளவுத் துறைத் தலைவர் கன்ட்ரோல், எதிரிக்கு உளவு சொல்வதாகத் தான் சந்தேகப்படும் ஆட்களின் புகைப்படங்களைச் சதுரங்கக் காய்களில் ஒட்டி வைத்திருப்பார். அந்த இடத்தில் நிறுத்தி, ஐந்து பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டே கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: புடாபெஸ்ட் பயணத்தைக் காட்டிக்கொடுத்தது யார்? ‘விட்ச்கிராஃப்ட்’ என்ற பெயரில் வந்துகொண்டிருக்கும் ரகசியங்களுக்கு லண்டன் என்ன விலை கொடுக்கிறது? படத்தில் உள்ள எல்லாக் காட்சியும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்லத்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் விருந்து பல தடவை திரும்பி வரும். நாவலில் இல்லாத காட்சி அது, படத்துக்காகவே சேர்த்தது. ஒவ்வொரு தடவையும் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தால் அந்தப் பார்வைகள் போய்விடும். முதல் முறை சப்டைட்டிலோடு முழுப் படம், இரண்டாம் முறை அந்த விருந்துக் காட்சிகளை மட்டும் சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பது நல்ல வழி. நாவலை அதற்குப் பிறகு படியுங்கள். அது வேறு இடத்தில் தொடங்கி வேறு வேகத்தில் போகிறது, இரண்டாவது இன்பமாகவே கிடைக்கும்.

கேள்வி (அடையாறு வாசகி): நாவலில் செக்கோஸ்லோவாக்கியாவில் நடப்பது படத்தில் புடாபெஸ்டில் நடக்கிறது. ஹாங்காங் இஸ்தான்புல் ஆகிவிட்டது. இப்படி இஷ்டத்துக்கு மாற்றுவது எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: ஊரை மாற்றியதால் இந்தக் கதைக்கு நஷ்டமில்லை. உளவுக் கதையில் காப்பாற்ற வேண்டிய சொத்து ஒன்றுதான்: யாருக்கு எது, எப்போது தெரியும் என்கிற கணக்கு. அது பிசகாதவரை ஊர், பெயர், பருவம் எதையும் மாற்றலாம். அது பிசகினால், நாவலின் ஒவ்வொரு வரியையும் அப்படியே எடுத்து வைத்தாலும் படம் நிற்காது.

ஊரைவிடப் பெரிய மாற்றம் வரிசையில் நடந்திருக்கிறது. நாவல் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவரை ஒரு சிறுவன் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த ஆசிரியர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பது மெல்ல மெல்லத்தான் தெரியும். படமோ அவர் சுடப்படுவதை முதலிலேயே காட்டிவிடுகிறது. புத்தகத்தை ஒரு வாரம் வைத்துப் படிப்பவருக்கு ‘இவர் யார்’ என்ற ஆர்வம் போதும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வேண்டும். ‘என்ன நடந்தது’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘யார் காட்டிக்கொடுத்தது’ என்ற கேள்வியை வைத்தார்கள்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்மைலி தன் பரம எதிரியான சோவியத் உளவாளி கார்லாவை முன்பு நேருக்கு நேர் சந்தித்தது டெல்லிச் சிறையில், 1955-இல். ரஷ்யாவுக்குத் திரும்பினால் சாவு, எங்கள் பக்கம் வந்துவிடு என்று இவர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். அவன் வாயே திறக்கவில்லை. ஸ்மைலியின் மனைவி பரிசளித்த சிகரெட் லைட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். 1979 தொடரில் இதை ஃப்ளாஷ்பேக்காகக் காட்டினார்கள். கார்லாவாக வந்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. 2011 படத்தில் டெல்லியையும் காட்டவில்லை, கார்லாவின் முகத்தையும் காட்டவில்லை. இரவில் ஓர் அறை, கையில் மதுக்கோப்பை, எதிரே காலி நாற்காலி. அந்த நாற்காலியில் கார்லா உட்கார்ந்திருப்பதாக வைத்து ஸ்மைலியாக வரும் கேரி ஓல்ட்மேன் பேசுகிறார்.

நாங்கள் பார்த்தவரையில் படத்தின் ஆகச் சிறந்த முடிவு இதுதான். அந்தச் சந்திப்பில் தகவல் தலைகீழாகப் பாய்ந்தது. எதிரியை அறியப் போனவர், பேசிப் பேசித் தன் பலவீனத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஃப்ளாஷ்பேக் வைத்தால் நாம் கார்லாவைப் பார்ப்போம். காலி நாற்காலி வைத்ததால் தோற்றவரின் முகத்தைப் பார்க்கிறோம். செலவும் ஓர் அறை, ஒரு நாற்காலி அளவுதான். வெளிநாட்டு லொகேஷனுக்குக் காசில்லை என்று நாவலின் நல்ல பகுதியை வெட்டிப் போடுகிறவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மாற்றம் நன்மை செய்த வேறு படங்களும் உண்டு. ஜேம்ஸ் கிரேடியின் 1974 நாவல் ‘சிக்ஸ் டேஸ் ஆஃப் தி காண்டர்’ ஆறு நாளில் நடக்கும்; 1975-இல் சிட்னி போலக் அதைப் படமாக்கியபோது மூன்று நாளாக்கினார், தலைப்பிலேயே எண் மாறிவிட்டது. ஜேம்ஸ் பாண்ட் கதையான ‘கேசினோ ராயல்’ நாவலில் (1953) ஆடுவது பாக்கரா, 2006 படத்தில் போக்கர். ஆட்டத்தின் விதி தெரியாத கூட்டத்துக்கு, யார் கையில் எந்தச் சீட்டு இருக்கிறது என்ற பதற்றம் எப்படி வரும்? இதே காட்சியைத் தமிழில் எடுப்பவர் யோசிக்காமல் மூணு சீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (குரோம்பேட்டை வாசகர், குறும்பட இயக்குநர்): கையில் 380 பக்க உளவு நாவல் இருக்கிறது. 2 மணி 20 நிமிடப் படத்துக்கு ஸ்கிரிப்ட் ஆக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எதை வெட்டுவது?

பதில்: முதல் தடவை பென்சில் இல்லாமல் படியுங்கள். படித்து முடித்த மறுநாள், புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் நிற்கும் காட்சிகளை மட்டும் எழுதுங்கள். இந்தப் பட்டியல் தங்கம். இதில் இருப்பவற்றை வெட்ட வேண்டிய நிலை வந்தால் ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசியுங்கள்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள். எங்கே, யார் யார், அங்கே யாருக்குப் புதிதாக என்ன தெரியவருகிறது என்று மூன்றே வரி. 380 பக்க நாவலுக்கு 150 முதல் 200 அட்டை வரை சேரும். 140 நிமிடப் படத்தில் ஒரு சீன் சராசரி 2 நிமிடம் என்றால் 70 சீன்தான் இடம். ஆக, பாதிக்கு மேல் அட்டை போக வேண்டும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிற வெளிநாட்டுக் கணக்கை இங்கே நம்பாதீர்கள். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று நாம் பிரித்து எழுதும் ஸ்கிரிப்டுக்கு அது பொருந்தாது. ஸ்டாப்வாட்ச் வைத்து உரக்கப் படித்துப் பார்ப்பதுதான் சரியான அளவு.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு பெரிய சார்ட் போடுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பெரும்பாலான தழுவல்கள் விழுகின்றன. மேலே இடமிருந்து வலமாகப் பாத்திரங்களின் பெயர், கடைசிக் கட்டத்தில் ‘பார்வையாளர்’ என்று ஒரு பெயர். கீழே வரிசையாகச் சீன் எண். ஒவ்வொரு சீன் முடிந்ததும், எந்தப் பாத்திரத்துக்கு உண்மை தெரியும், எது பொய்யை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறது, எதற்கு ஒன்றுமே தெரியாது என்று மூன்று வண்ணத்தில் குறியுங்கள். ஒரு வரிசையில் எல்லாக் கட்டமும் ஒரே வண்ணமாக இருந்தால் அந்த சீனில் உயிரில்லை. தூக்கிவிடலாம் அல்லது வேறொன்றோடு சேர்த்துவிடலாம். பார்வையாளர் கட்டம் நாயகனுக்கு முன்னால் போனால் பதற்றம், பின்னால் நின்றால் புதிர். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் நிற்கவிடாதீர்கள். இடைவேளை நமக்குக் கிடைத்திருக்கும் வசதி. நாயகனுக்குத் தெரியாத ஒன்று பார்வையாளருக்குத் தெரியவரும் இடத்தில் அதை வையுங்கள், ஆள் காப்பி வாங்கப் போனாலும் மனது உள்ளேயே இருக்கும்.

அடிக்கடி நடக்கும் விபத்து இது: 40-ஆவது சீனில் நாயகன் நேராக ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். அந்த முகவரி அவனுக்குக் கிடைத்த சீனை இரண்டாவது டிராஃப்டிலேயே வெட்டியாயிற்று. எழுதியவருக்கு நாவல் மனப்பாடம் என்பதால் ஓட்டை கண்ணில் படாது. சார்ட்டில் உடனே தெரியும். சீன் ஆர்டர் மாறும் ஒவ்வொரு முறையும் சார்ட்டையும் மாற்றுங்கள். அதில் ஒரு பிரதி செட்டில் கன்டினியுட்டி பார்ப்பவரிடம் இருக்கட்டும். படப்பிடிப்பு வரிசையாக நடக்காது. ‘இந்த சீனில் எனக்கு அது தெரியுமா, தெரியாதா’ என்று நடிகர் கேட்டால் அந்த நொடியே பதில் வேண்டும்.

பாத்திரங்களைக் குறையுங்கள். நாவலில் ஐந்து மேலதிகாரிகள் இருந்தால் படத்துக்கு இரண்டு பேர் போதும். ரகு, ரவி, ராமன் என்று ஒரே எழுத்தில் பெயர் வைக்காதீர்கள். தாளில் பிரித்து அறிவோம், காதில் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். எண்ண ஓட்டத்துக்கு வாய்ஸ் ஓவர் போடும் ஆசை வரும். அதற்கு முன்னால் மூன்று கதவைத் தட்டிப் பாருங்கள்: அந்த எண்ணத்தை ஒரு பொருளின் மேல் ஏற்ற முடியுமா, ஒரு செயலாக்க முடியுமா, கேட்கத் தகுந்த ஓர் ஆளிடம் சொல்ல வைக்க முடியுமா? மேலே சொன்ன லைட்டரும் காலி நாற்காலியும் அப்படி வந்தவைதான்.

கேள்வி (வடபழனி வாசகர், உதவி இயக்குநர்): பழைய தமிழ் நாவல் ஒன்றைப் படமாக்க விரும்புகிறேன். பதிப்பகத்திடம் கேட்டால் போதுமா? ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: பதிப்பகத்திடம் பெரும்பாலும் அச்சு உரிமை மட்டும்தான் இருக்கும். படமாக்கும் உரிமை எழுத்தாளரிடம், அவர் காலமாகிவிட்டால் வாரிசுகளிடம். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து அடுத்த 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. சுஜாதா மறைந்தது 2008. அவர் கதைகளுக்கு 2068 முடியும்வரை வாரிசுகளின் அனுமதி வேண்டும். அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அந்த நூல்களைப் பார்க்கலாம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப் ‘சரி’யும் நம்பி இறங்கக்கூடியவை அல்ல. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை வியாபாரத்தை நம்பிப் படமெடுக்கிறவருக்கு இந்தக் கடைசி வரி மிக முக்கியம்.

இன்னொரு கண்ணிவெடியும் அதே பிரிவில் இருக்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், உரிமையை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது கைவிட்டுப் போய்விடும். தயாரிப்பாளர் கிடைத்து, நடிகர் தேதி கிடைத்து, ஷெட்யூல் போடுவதற்குள் ஓராண்டு ஓடிவிடும். ‘படப்பிடிப்பு தொடங்க இத்தனை ஆண்டு அவகாசம்’ என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். முழுப் பணம் இல்லாவிட்டால், ஒன்றரை ஆண்டுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்ற உறுதிக்காக ஒரு சிறு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போடலாம். மொத்த விலையும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பெரிய நடிகர் வந்ததும் விலை ஏறும். ஓடிடி, மொழிமாற்றம், ரீமேக், இரண்டாம் பாகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். நாயகன் தொடர்கதைப் பாத்திரமாக இருந்தால், வாங்குவது இந்த ஒரு கதையையா, அந்தப் பாத்திரத்தையுமா என்பதும் வேண்டும். வாரிசுகள் மூன்று பேர் என்றால் மூன்று கையெழுத்து.

மாற்றங்களுக்கும் எல்லை உண்டு. மன்னு பண்டாரியின் இந்தி நாவலைப் படமாக்கிய வழக்கில், 1986-இல் டெல்லி உயர் நீதிமன்றம், திரைக்குத் தேவையான மாற்றம் செய்யலாம், படைப்பையே சிதைக்கும் மாற்றத்தை எழுத்தாளர் தடுக்கலாம் என்ற நிலையை எடுத்தது. உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. எனவே செய்யப்போகும் பெரிய மாற்றங்களை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, ஒப்புதலை எழுத்தில் வாங்குவது இரு பக்கத்துக்கும் மரியாதை.

உரிமைக் காலம் முடிந்த வெளிநாட்டு நாவலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜான் பக்கன் 1915-இல் எழுதிய ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ நாவலை யாரும் எடுக்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் ஒப்பிக்கும் ‘மிஸ்டர் மெமரி’ அந்த நாவலில் இல்லை. ஹிட்ச்காக்கின் 1935 படத்தில் பிறந்த பாத்திரம் அது. நாயகியும் அப்படித்தான். புத்தகத்திலிருந்து எழுதுங்கள், நினைவில் இருக்கும் படத்திலிருந்து எழுதாதீர்கள்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): படங்களில் உளவாளி ரேடியோவில் எண்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறாரே, அது எப்படி வேலை செய்கிறது? தமிழில் முடியுமா?

பதில்: அழகாக முடியும். நம் எழுத்து அதற்கு வசதியானது. 247 எழுத்துக்கும் எண் தர வேண்டாம்; உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, மொத்தம் 31 போதும். அ 01 முதல் ஔ 12 வரை, ஃ 13, க் 14 முதல் வரிசையாக ன் 31 வரை. உயிர்மெய்யை உடைத்து எழுத வேண்டும். ‘வராதே’ என்பது வ், அ, ர், ஆ, த், ஏ. எண்ணில் 27 01 25 02 20 08. ஐந்தைந்தாகப் பிரித்து, குறைவதற்குப் பூஜ்யம் நிரப்பினால் 27012 50220 08000.

இதை அப்படியே அனுப்பினால் யாரும் உடைத்துவிடுவார்கள். அனுப்புபவர், பெறுபவர் இருவரிடம் மட்டும் ஒரே மாதிரி ஒரு சிறு ஏடு இருக்கும்; அதில் எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள். இன்றைய பக்கத்தில் 83546 19275 40318 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் வைத்து இலக்கம் இலக்கமாகக் கூட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மீதி எடுத்துச் செல்லக் கூடாது. 2-உம் 8-உம் 10, எழுதுவது 0. 7-உம் 3-உம் அப்படியே 0. விடை 00558 69495 48318. காற்றில் போவது இதுதான். பெறுபவர் அதே பக்கத்தின் எண்களைக் கழிப்பார். போதாத இடத்தில் 10 சேர்த்துக் கழிப்பார். ‘வராதே’ திரும்பக் கிடைக்கும். வேலை முடிந்ததும் இருவரும் அந்தப் பக்கத்தை எரித்துவிட வேண்டும்.

ஒரு பக்கத்தை ஒரே ஒரு முறை பயன்படுத்தும்வரை இதை எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது. இரண்டாம் முறை பயன்படுத்தினால் போச்சு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் தரப்பு சில பக்கங்களை இரட்டிப்பாக அச்சிட்டுவிட்டது. 1943-இல் தொடங்கிய ‘வெனோனா’ என்ற அமெரிக்கத் திட்டம் அந்தத் தவற்றைப் பிடித்துக்கொண்டுதான் செய்திகளின் ஒரு பகுதியைப் படித்தது. சோவியத்துக்கு உளவு சொன்ன பிரிட்டிஷ் தூதரக அதிகாரி டொனால்டு மெக்ளீன் மேல் சந்தேகம் விழுந்ததும் அப்படித்தான். 1951-இல் அவர் ரஷ்யாவுக்குத் தப்பினார். காட்சி எடுப்பவர்களுக்கு: உளவாளி கேட்டவுடனே விடையைச் சொல்வது போல எடுக்காதீர்கள். பென்சில், கழித்தல், ஒரு தப்பு, மறுபடி கழித்தல். அந்த மெதுவான வேலையில்தான் பதற்றம் இருக்கிறது.

இதே கவனம் மினாக்ஸ் சின்னக் கேமராவுக்கும் வேண்டும். அதோடு ஒரு சங்கிலி வரும், அழகுக்காக அல்ல. 20 செ.மீ. முதல் தூரம் அளக்கும் குறிகள் அதில் உண்டு. தாளிலிருந்து சங்கிலியை இழுத்துப் பிடித்து, மேசை விளக்கின் வெளிச்சத்தில் எடுப்பார்கள். கண்ணில் வைத்துக்கொண்டு தோராயமாகச் சொடுக்கினால் எழுத்து மங்கும்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): பெர்லின், வியன்னா என்றால் உளவு. சென்னையில் உளவுக் கதை வைத்தால் நம்புவார்களா?

பதில்: நம்புவார்கள், நடந்திருக்கிறதே. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான் வந்துவிடும் என்று ஊரே காலியானது. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். காலியான நகரம், இருட்டடிப்பு இரவு, யார் எந்தப் பக்கம் என்று தெரியாத மனிதர்கள். இதைவிட என்ன களம் வேண்டும்?

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய விடுதலை வீரர்கள் சிலர் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கிப் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான். சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறை 2009-இல் இடிக்கப்பட்டுவிட்டது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே போகிறோம். இவரைப் பற்றி நம் மொழியில் ஒரு நல்ல நாவல் வந்து, அது படமாக வேண்டும் என்பது எங்கள் மனமார்ந்த ஆசை.

பின்னணி தேட எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. அக்காலப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். தெரு விளக்கு, டிராம், ரேஷன், பால் விலை போன்றவை பழைய பத்திரிகை விளம்பரங்களில் கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது.

கேள்வி (அண்ணாநகர் வாசகர்): எதிரி நாட்டின் பெயரை நேரடியாகச் சொல்லலாமா? சென்சாரில் பிரச்சினை வருமா?

பதில்: பெயர் சொன்னதற்காக மட்டும் தடை இல்லை. ஆனால் திரைப்படச் சட்டம், நாட்டின் பாதுகாப்பையும் அயல்நாட்டு நட்புறவையும் பார்க்கச் சொல்கிறது. உளவுப் படம் இரண்டையும் தொடும். ராணுவம் கதையில் வந்தால் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையின்மைச் சான்றையும் கேட்பார்கள். கடைசி வாரத்தில் ஓடாமல், ஸ்கிரிப்ட் முடிந்ததுமே விண்ணப்பியுங்கள். சண்டை அதிகமென்றால் யுஏ 16+ வரலாம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்று 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கற்பனை நாடு வைப்பது இன்னொரு வழி. சுஜாதா எழுதிய ‘விக்ரம்’ (1986) சலாமியா என்ற நாட்டைக் கண்டுபிடித்தது. அப்படிச் செய்தால் அந்த நாட்டுக்கென்று மொழி, உடை, சடங்கு, பணம் எல்லாம் உருவாக்க வேண்டும். கலை இயக்குநருக்கு அது இரட்டை வேலை, பட்ஜெட்டிலும் ஏறும்.

கேள்வி (மேற்கு மாம்பலம் வாசகி): ‘பொன்னியின் செல்வ’னையும் உளவுக் கதை என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாக. கல்கியின் நாவலில் கடம்பூர் மாளிகை இரவை மறுபடி படியுங்கள். சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான். மதில்மேல் ஆழ்வார்க்கடியானின் தலை தெரிவதையும் பார்த்துவிடுகிறான். ஒரே ரகசியம் இரண்டு வெளியாட்கள் கையில். அதில் ஒருவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்பது மற்றவனுக்கு அப்போது தெரியாது. மேலே குரோம்பேட்டை வாசகருக்குச் சொன்ன சார்ட்டை இந்த ஓர் அத்தியாயத்துக்குப் போட்டுப் பழகலாம். சதிகாரர்களுக்கு ஒரு கட்டம், ஒட்டுக் கேட்ட இருவருக்குத் தனித்தனிக் கட்டம், வாசகருக்கு ஒன்று. 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக வந்த படத்தை அதற்குப் பிறகு பார்த்து, எந்தக் கட்டத்தில் வண்ணம் மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.